சரீரத்தில் ஒரு முள், ஆகாயத்தில் ஒரு சிறகு

(கோட்டையூர் அழகப்பச் செட்டியாரின் வாழ்க்கையும், விசுவாசிகளாகிய நமக்கு அதிலுள்ள பாடமும்)



இந்தப் பக்கத்திலே வழக்கமாக மிஷனரிகளுடைய வாழ்க்கையை வாசிப்பீர்கள். வில்லியம் கேரி, சாது சுந்தர்சிங், பண்டித ரமாபாய், ஏமி கார்மைக்கேல் அம்மையார் என்று எத்தனையோ பரிசுத்தவான்களைப் பற்றித் தியானித்திருக்கிறோம். இந்த முறை தூரதேசத்துக்குப் போக வேண்டாம். நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினா எட்டிவிடக்கூடிய கோட்டையூரிலே பிறந்த ஒரு மனிதரைப் பார்ப்போம். அவர் பேர் உங்க எல்லாருக்கும் தெரியும். உங்க பிள்ளைகளுடைய சர்டிபிகேட்டிலேயே அந்தப் பேர் இருக்கும். டாக்டர் ஆர்.எம். அழகப்பச் செட்டியார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்திலே, சைவக் குடும்பத்திலே பிறந்தவர். அவரை நம்மவர் என்று நான் உரிமை கொண்டாடப் போவதில்லை. அவருடைய உள்ளத்தை அறிந்தவர் தேவன் ஒருவரே. ஆனால் பாருங்க, பெர்சியா ராஜாவாகிய கோரேசு இஸ்ரவேலன் அல்ல. அவனைக்கொண்டுதானே கர்த்தர் எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்ட வழி திறந்தார்! தேவன் யாரைக்கொண்டு ஒரு ஜனத்துக்கு நன்மை செய்வார் என்று நாம் எல்லை போட முடியாது. சூரியனையும் மழையையும் எல்லார்மேலும் அனுப்புகிறவர் அவர்.

கோட்டையூரில் பிறந்த பிள்ளை

1909ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி, கோட்டையூரில் ராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகப் பிறந்தார் அழகப்பன். செட்டிநாட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்திலே எப்படி வளர்ந்தார்கள் என்று நம்ம பெரியவர்களுக்குத் தெரியும். கணக்கு எழுதப் பழகுவார்கள், வட்டி போடப் பழகுவார்கள், மீசை முளைக்கும் முன்னே பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறி, அங்கே உள்ள கடையிலே உட்கார்ந்துவிடுவார்கள். மேல்படிப்பு என்பது அவர்களுக்கு அவசியமாகத் தோன்றாத காலம் அது.

இந்தப் பிள்ளை அந்த வழியிலே போகவில்லை. காரைக்குடியில் பள்ளிப்படிப்பை முடித்து, சென்னைக்குப் போய், மாநிலக் கல்லூரியிலே ஆங்கில இலக்கியம் எடுத்து எம்.ஏ. முடித்தார். நகரத்தார் சமூகத்திலேயே முதல் எம்.ஏ. பட்டதாரி அவர்தான் என்று சொல்லுகிறார்கள். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 21. அதோடு நிற்கவில்லை. லண்டனுக்குப் போனார். மிடில் டெம்பிள் என்கிற சட்ட நிறுவனத்திலே படித்து பாரிஸ்டர் ஆனார். அங்கேயுள்ள சார்ட்டர்ட் வங்கியிலே பயிற்சி எடுத்த முதல் இந்தியர் என்ற பேரும் அவருக்குக் கிடைத்தது.

படிப்பு, பணம், குடும்பப் பெருமை, வாலிபம் எல்லாம் இருந்தது. உலகப்பிரகாரமாய்ப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வாலிப வயதிலேயே அவருடைய சரீரத்திலே ஒரு வியாதி வந்தது. அதுதான் தொழுநோய்.

நாகமானைப் போல

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு உடனே யார் ஞாபகம் வரும்? சீரியா தேசத்துப் படைத்தலைவன் நாகமான்தானே! ராஜாவுக்கு முன்பாக மதிப்புள்ளவன், யுத்தத்திலே ஜெயித்தவன், ஊரே எழுந்து நின்று மரியாதை செய்யும். ஆனால் அங்கியைக் கழற்றினால் உள்ளே குஷ்டம். அவன் பதக்கங்களை எத்தனை வரிசையாய்க் குத்திக்கொண்டாலும் அவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிற எவரும் கடைசியிலே அந்த ஒரு வார்த்தையில்தான் வந்து முடிப்பார்கள்.

இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த வியாதியின் பயங்கரம் தெரியாது. கொஞ்சம் சொல்லுகிறேன். இது ஒரு கிருமியாலே வருகிற வியாதி. அந்தக் கிருமியை 1873ஆம் வருஷம் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் கண்டுபிடித்தார். அப்படியிருந்தும் பாவத்தின் சம்பளம், முன்னோர் சாபம் என்றுதான் ஜனங்கள் பேசினார்கள். அந்தக் கிருமி நரம்பைத் தாக்கும். தோலிலே வெளுத்த தேமல், அந்த இடத்திலே உணர்ச்சி இருக்காது. சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. வலி தெரியாததினாலே காயம் கவனிக்கப்படாமல் புண்ணாகி, விரல்கள் மடங்கி, குறைந்து போகும். விரல் குறைவதற்கு முக்கிய காரணம் வியாதி நேரடியாகத் தின்பது அல்ல, வலி இல்லாமல் போவதுதான் என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் நம்ம கொல்லிமலையிலே மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையிலே மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர் அவர்.

அழகப்பர் வாலிபராயிருந்த 1930களிலே இதற்குச் சரியான மருந்தே கிடையாது. நீரடிமுத்து விதையிலே எடுத்த எண்ணெயை ஊசியாகப் போடுவார்கள். ரொம்ப வலிக்கும், நம்பிக்கையாகக் குணம் கிடைக்காது. 1940களிலேதான் சல்போன் மருந்துகள் வந்தன. அதுவரைக்கும் இந்த வியாதி வந்தவன் உயிரோடு இருந்தும் ஊருக்குச் செத்தவன். 1898ஆம் வருஷத்துத் தொழுநோயாளிச் சட்டம் ஒன்று இருந்தது. வியாதிப்பட்ட ஏழையைப் பிடித்து அடைத்து வைக்கலாம் என்று அது சொன்னது. அந்தச் சட்டம் 2016இலேதான் நீக்கப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்க!

அழகப்பர் ஏழை அல்ல. ஆகவே அவரை யாரும் அடைத்து வைக்க முடியாது. ஆனால் மனுஷருடைய பார்வையைப் பணம் கொடுத்துத் தடுக்க முடியுமா? கை குலுக்க வந்தவன் கையை இழுத்துக்கொள்வதைப் பணம் தடுக்குமா? உசியா ராஜா குஷ்டரோகம் வந்தபின் தனி வீட்டிலே ஒதுங்கியிருந்து மரித்தான் என்று வேதத்திலே வாசிக்கிறோம். அப்படி ஒதுங்கி உட்கார்ந்துவிட அழகப்பருக்கும் எல்லா வசதியும் இருந்தது. கோட்டையூர் மாளிகையின் கதவைச் சாத்திக்கொண்டு, வேலைக்காரர் பணிவிடை செய்ய, வாழ்நாளைக் கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா?

சின்ன விமானத்திலே ஏறினவர்

லண்டனிலே இருந்தபோது, அந்நாளிலே அந்த நகரத்துக்குப் பிரதான விமான நிலையமாயிருந்த கிராய்டனிலே, விமானம் ஓட்டக் கற்று, விமானியின் சான்றிதழ் வாங்கினார்!

ரைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்தது 1903இல். அதற்குப் பிறகு 30 வருஷம்கூட ஆகவில்லை. இந்தியாவிலே முதல் விமானி உரிமம் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்குக் கிடைத்ததே 1929 பிப்ரவரியில்தான். 1932 அக்டோபர் 15ஆம் தேதி அவர் ஒற்றை இஞ்சின் வைத்த சிறு விமானத்திலே தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அந்தத் தபாலைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். அப்படிப்பட்ட காலம் அது. நம்ம கிராமங்களிலே ஆகாயத்திலே சத்தம் கேட்டா, அடுப்பிலே வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து பார்த்த நாட்கள்.

அந்நாளிலே பயிற்சிக்கு இங்கிலாந்திலே அதிகமாய்ப் பயன்பட்டது ஜிப்சி மாத் மாதிரியான சின்ன விமானங்கள். இரண்டே பேர் உட்காரலாம், முன்னே ஒருவர், பின்னே ஒருவர். மேலே கூரை கிடையாது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தின இறக்கைகள். ஒரே ஒரு இஞ்சின், முன்னாலே ஒரு விசிறி. கையிலே ஒரு தடி, காலுக்கு ஒரு மிதிகட்டை. குளிர்காற்று முகத்திலே அறையும். ஆசிரியர் பேசுவது ஒரு குழாய் வழியாகக் காதிலே கேட்கும். மாணவன் தவறு செய்தால், ஆசிரியர் தம்முடைய தடியைப் பிடித்துச் சரி செய்வார். இப்படிப் பல மணி நேரம் பழகின பிறகு ஒரு நாள் ஆசிரியர் இறங்கிவிடுவார். இன்றைக்கு நீ தனியாகப் போ என்பார். மாணவன் பின்சீட்டிலே இருப்பான், முன்சீட்டு காலி. அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டே அவன் மேலே ஏறி, சுற்றி, தானாகவே இறங்க வேண்டும்.

தேவபிள்ளைகளே, உங்க வாழ்க்கையிலும் முன்சீட்டு காலியானது போலத் தோன்றுகிற நாள் வரும். ஜெபித்தேன், பதில் இல்லை, தேவன் எங்கே என்று கேட்பீர்கள். ஆசிரியர் இறங்கினது மாணவனைக் கைவிட அல்ல. அதுவரைக்கும் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவனுக்குள்ளே இருக்கிறதா என்று பார்க்கத்தான். தரையிலே நின்று அவன் இறங்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

எதிர்காற்றும் மேகமும்

விமானம் பழகுகிறவர்கள் கற்கிற இரண்டு காரியங்களை இங்கே சொல்ல விரும்புகிறேன். இரண்டும் விசுவாச வாழ்க்கைக்கு நல்ல பாடம்.

முதலாவது, விமானம் தரையிலிருந்து எழும்பும்போது காற்று அடிக்கிற திசைக்கு எதிராகத்தான் ஓடும். நாமா இருந்தா என்ன நினைப்போம்? காற்று பின்னாலிருந்து தள்ளினால் சுலபம்தானே என்போம். அப்படி இல்லை. இறக்கையின்மேல் காற்று எவ்வளவு வேகமாய் ஓடுகிறதோ அவ்வளவு தூக்குவிசை கிடைக்கும். எதிர்காற்று இருந்தால் விமானம் குறைந்த தூரம் ஓடினதுமே எழும்பிவிடும். பின்காற்று இருந்தால் ஓடுபாதை முழுவதும் ஓடினாலும் எழும்பாமல் போகக்கூடும். உன்னை எதிர்த்து வருகிற காற்றுதான் உன்னைத் தூக்குகிறது. உபத்திரவத்தைக் குறித்து அப்போஸ்தலர்கள் சொன்னது இதைத்தானே!

இரண்டாவது, மேகம். மேகத்துக்குள்ளே போய்விட்டால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. நம்முடைய காதுக்குள்ளே சமநிலையை உணர்த்துகிற ஒரு நீர் இருக்கிறது. விமானம் மெதுவாய்த் திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த நீர் ஓய்ந்துவிடும். அப்போது விமானி நேராய்ப் போவதாக உணருவான். உண்மையிலே வட்டம் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கிக்கொண்டிருப்பான். இப்படி எத்தனையோ நல்ல விமானிகள் தரையிலே மோதி மரித்தார்கள். 1929 செப்டம்பரில் அமெரிக்காவிலே டூலிட்டில் என்கிற விமானி, வெளியே பார்க்க முடியாதபடி தம்முடைய இருக்கையை மூடிக்கொண்டு, எதிரேயிருந்த கருவிகளை மாத்திரம் நம்பி மேலே ஏறி, சுற்றி வந்து, பத்திரமாய் இறங்கிக் காட்டினார். அன்றிலிருந்து விமானிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான்: உன் உணர்ச்சி பொய் சொல்லும், கருவியை நம்பு.

நமக்குக் கருவி எது? கர்த்தருடைய வார்த்தைதான். இன்றைக்கு எனக்கு ஆவியிலே சந்தோஷம் இல்லை, ஆகவே தேவன் என்னோடு இல்லை என்கிறது உணர்ச்சி. வார்த்தை அப்படிச் சொல்லவில்லையே! எதை நம்புவீர்கள்?

விமானத்தையும் விசுவாசத்தையும் ஒன்றாய்ப் பிடித்த ஒரு தேவமனிதரையும் இங்கே நினைப்பது நல்லது. அமெரிக்காவிலே நேட் செயிண்ட் என்று ஒருவர் இருந்தார். சிறுவயதிலே அவருடைய காலெலும்பிலே வந்த நோய், 1943இல் ராணுவத்தில் விமானப் பயிற்சி தொடங்கப்போகிற சமயத்திலே திரும்ப எழும்பினது. கதவு மூடிவிட்டது. ஆனால் கர்த்தர் வேறு கதவைத் திறந்தார். 1948இல் மிஷனரி விமானியாக ஈக்வடார் தேசத்துக்குப் போனார். அந்த வருஷக் கடைசியிலேயே விமானம் விழுந்து அவருடைய முதுகெலும்பு முறிந்தது. சுகமாகி மறுபடியும் பறந்தார். காட்டுக்குள்ளே இருந்த ஊழியக்காரருக்கு மருந்தும் சாமானும் கொண்டு போனார். 1956 ஜனவரி 8ஆம் தேதி நான்கு நண்பர்களோடு ஆற்றங்கரையிலே இரத்தசாட்சியாக மரித்தார். பலவீனமான சரீரத்தை வைத்துக்கொண்டு அவர் தேவனை நம்பினார், தேவனும் அவரைப் பயன்படுத்தினார்.

சேர்த்தவர், இறைத்தவர்

அழகப்பரிடத்துக்குத் திரும்பி வருவோம். இந்தியாவுக்கு வந்தவர் பலவிதத் தொழிலிலே இறங்கினார். 1937இல் கொச்சி ராஜ்யத்திலே துணி ஆலை வைத்தார். அந்த ஊருக்கே இன்றைக்கு அழகப்பநகர் என்றுதான் பேர். மலேயாவிலே ரப்பர் தோட்டம், பர்மாவிலே ஈயச் சுரங்கம், ஹோட்டல், தியேட்டர், இன்ஷூரன்ஸ், பங்கு வியாபாரம் என்று கை வைக்காத துறை இல்லை. ஆகாயத்தின்மேல் இருந்த ஆசையும் போகவில்லை. ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாய் ஒரு விமானக் கம்பெனியே நடத்தினார். அது சில காலந்தான் ஓடிற்று. 1953இல் அரசாங்கம் தனியார் விமானக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டபோது அந்தப் பட்டியலிலே அது இல்லை. வெள்ளைக்கார அரசாங்கம் அவருக்குச் சர் பட்டம் கொடுத்தது. தேசம் விடுதலையானதும் அதை வேண்டாமென்று விட்டுவிட்டார். பிற்பாடு இந்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது.

சேர்த்ததைப் பற்றிச் சொன்னேன். இனி கொடுத்ததைக் கேளுங்க.

1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்து, கிண்டியிலே தொழில்நுட்பக் கல்லூரி வரச்செய்தார். அதுதான் இன்றைக்கு அண்ணா பல்கலைக்கழகத்திலே அழகப்பா பேரிலே இருக்கிறது. 1940களிலே 5 லட்சம் என்றால் எவ்வளவு என்று உங்க தாத்தா பாட்டியைக் கேளுங்க. திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்பிக்க ஒரு லட்சம் கொடுத்தார்.

1947ஆம் வருஷம் சென்னையிலே அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டி ஒரு கூட்டம். அதிலே துணைவேந்தர் டாக்டர் லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, வசதியுள்ளவர்கள் முன்வந்து கல்லூரிகள் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்திலே எத்தனை பணக்காரர் இருந்திருப்பார்கள்! நல்ல பேச்சு என்று கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். ஆனால் அழகப்பர் அங்கேயே எழுந்தார். காரைக்குடியிலே நான் கல்லூரி தொடங்குகிறேன் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். அந்த ஆகஸ்ட் மாதமே, தேசம் விடுதலையான அதே மாதத்திலே, கல்லூரி ஆரம்பமாகிவிட்டது! கட்டடம் எழும்பட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இருந்த இடத்தை வைத்துக்கொண்டு தொடங்கினார்.

அடுத்ததாக, தேசத்திலே மின்வேதியியல் ஆராய்ச்சிக்கு ஒரு மத்திய நிறுவனம் வரப்போகிறது என்று தெரிந்தபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்கிறேன், காரைக்குடிக்குக் கொண்டு வாருங்கள் என்றார். டில்லியும் பம்பாயும் இருக்க, வானம் பார்த்த இந்தச் செம்மண் பூமிக்கு அது வந்தது. 1948 ஜூலை 25ஆம் தேதி பிரதமர் நேரு அஸ்திவாரக்கல் வைத்தார். 1953 ஜனவரி 14ஆம் தேதி, அப்போது துணை ஜனாதிபதியாயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாம் செக்ரி என்று சொல்லுகிறோமே, அதுதான். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது, பேட்டரி செய்வது போன்ற காரியங்களை இன்றைக்கும் அங்கே ஆராய்கிறார்கள்.

1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1952இல் பொறியியல் கல்லூரி. பிறகு பாலிடெக்னிக், சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாய் எழும்பிற்று. கடைசியிலே கோட்டையூரிலிருந்த தம்முடைய சொந்த மாளிகையையே பெண்பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்துவிட்டார். எந்த வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒதுங்கியிருக்கலாமோ, அந்த வீட்டின் கதவைத்தான் அவர் திறந்து விட்டார்!

இவ்வளவும் செய்யும்போது அந்த வியாதி அவரைவிட்டுப் போய்விட்டதா? இல்லை. உடல்நலம் குன்றிக்கொண்டே வந்தது. 1957ஆம் வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி அவர் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். ஒரு நாள் குறைச்சல். அவர் நட்ட விதையிலிருந்து 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழும்பினது.

சபையார் யோசிக்க வேண்டியது

பிரியமானவர்களே, நாம் தெய்வீக சுகத்தைப் பிரசங்கிக்கிற ஜனங்கள். கர்த்தர் இன்றைக்கும் சுகமாக்குகிறார் என்பதற்கு நம்ம சபையிலேயே சாட்சிகள் உண்டு, அல்லேலூயா! ஆனால் உபவாசக் கூட்டத்துக்கு வருகிற எல்லாரும் சுகம் பெற்றுத்தான் வீட்டுக்குப் போகிறார்களா? இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுகமாகாத சகோதரியைப் பார்த்து, உனக்கு விசுவாசம் இல்லை, வீட்டிலே ஏதோ பாவம் இருக்கு என்று பேசுகிறவர்கள் நம் நடுவிலே உண்டா இல்லையா? யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் பேசினார்கள். கடைசியிலே தேவனுடைய கோபம் யார்மேல் வந்தது? யோபுவின்மேல் அல்ல.

பவுல் அப்போஸ்தலன் தன் சரீரத்திலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டான். முள் எடுக்கப்படவில்லை. கிருபை கொடுக்கப்பட்டது. அந்தக் கிருபையோடுதான் அவன் பட்டணம் பட்டணமாகப் போனான். நாகமானுக்கு யோர்தானிலே சுகம் கிடைத்தது, பவுலுக்கு முள்ளோடு ஓடப் பெலன் கிடைத்தது. இருவருக்கும் கொடுத்தவர் ஒருவரே.

ஒரு காரியம் என் உள்ளத்தைக் குத்துகிறது. நம்முடைய ஆண்டவரை அறியாத ஒரு மனிதர், அந்த நாளிலே ஊரே அருவருத்த வியாதியைச் சுமந்துகொண்டு, ஆகாயத்திலே பறக்கக் கற்று, ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குக் கல்விக்கண் திறந்திருக்கிறார். பரிசுத்த ஆவியைப் பெற்றோம் என்கிற நாம், ஒரு முழங்கால் வலிக்கும் ஒரு கடன் தொல்லைக்கும், இனி என்னாலே ஊழியம் செய்ய முடியாது என்று உட்கார்ந்துவிடலாமா? நற்கிரியை யாரையும் இரட்சிக்காது, கிருபையினாலேதான் இரட்சிப்பு. அதிலே மாற்றமே இல்லை. ஆனால் இரட்சிக்கப்பட்டவனிடத்திலே கனி எங்கே என்று ஆண்டவர் கேட்பாரே! அதற்கு என்ன சொல்லப் போகிறோம்?

ஆகவே மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. வாலிபப் பிள்ளைகளே, படியுங்கள். நம்ம பிள்ளைகளுக்கென்று பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன. படிப்பு வேறு, பக்தி வேறு என்று பிரிக்காதீர்கள். எதிர்காற்று அடிக்கும்போது ஓடுபாதையைவிட்டு இறங்காதீர்கள்.

இரண்டு. கொடுக்க நினைத்தால் அன்றைக்கே கொடுங்கள். கூட்டத்திலே கண்ணீர்விட்டு, வீட்டுக்குப் போனதும் கணக்குப் போட்டு, ஒரு மாதம் கழித்து மறந்துவிடுகிற பொருத்தனை தேவனுக்கும் வேண்டாம், ஊழியத்துக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருஷப் பரீட்சைக் கட்டணம் கட்டினாலும் போதும்.

மூன்று. வியாதிப்பட்டவர்களை ஒதுக்காதிருங்கள். தொழுநோய் இன்றைக்கும் நம்ம நாட்டிலே உண்டு. ஆனால் 1982இலிருந்து உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இருக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காய்ச் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியிலே இலவசமாகவே கிடைக்கிறது. உடம்பிலே வெளுத்தோ சிவந்தோ உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். ஜெபமும் பண்ணுங்கள், டாக்டரிடத்திலும் காட்டுங்கள். சீக்கிரம் காட்டினால் ஊனம் வராது. அப்படிப்பட்டவர் ஒருவர் ஆராதனைக்கு வந்தால் அவர் பக்கத்திலே பாய் போட்டு உட்காருங்கள். நம்முடைய ஆண்டவர் குஷ்டரோகியைத் தூரத்திலே நின்று சுகமாக்கியிருக்க முடியும். ஆனாலும் அவர் கையை நீட்டி அவனைத் தொட்டாரே!

அடுத்த முறை காரைக்குடியிலே அந்தக் கல்லூரி வளாகத்தைக் கடந்து போகும்போது, பஸ் ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் பாருங்க. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். பிறகு உங்க கையைப் பாருங்க. கர்த்தர் அதிலே என்ன கொடுத்திருக்கிறார், அதை யாருக்காகக் கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

பரலோகப் பிதாவே, முள்ளோடிருக்கிற உம்முடைய பிள்ளைகளுக்குச் சுகத்தைக் கட்டளையிடும். நீர் காத்திருக்கச் சொன்னால், காத்திருக்கிற நாட்களிலும் கனி கொடுக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக!